நல்லசிவன் ஒட்டுத் தேற்றம்

ஜூன் 10, திங்கள்

பணி ஓய்வுக்கு இன்னும் ஓராண்டுகூட இல்லை. ஆகவே இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். கணித வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு இது தேவைப்படும். பெரிய மேதைகள் பலர் இந்த விஷயத்தில் அலட்சியமாக இருந்து, பின்னால் வந்தவர்களுக்கு வீண் சிரமம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தவறை நான் செய்யப்போவதில்லை.

முதலில் அறிமுகம். முனைவர் நல்லசிவன், கணிதத்துறைத் தலைவர், சௌந்தரவல்லி கலை அறிவியல் கல்லூரி, பாளையங்கோட்டை. வடிவங்களை வளைத்து ஒப்பிடும் ஹோமோடோபிக் கோட்பாட்டில் 'நல்லசிவன் ஒட்டுத் தேற்றம்' என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவன் நான். அதற்குப் பெயர் வைத்தவனும் நானே, வேறு யாரும் முன்வராததால்.

ஆகஸ்ட் மாதம் அந்தத் தேற்றத்தைக் கொண்டாட ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடத்தக் கல்லூரி சம்மதித்துவிட்டது. இலங்கையிலிருந்து ஒருவர் வந்தாலே சர்வதேசம்தான் என்று தாளாளர் சொல்லிவிட்டார்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருகிறேன் என்று மூன்றாவது முறையாகச் சொல்லியிருக்கிறான்.

ஜூன் 13

கோமதி கேட்டாள்: "ஊரைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்துதீங்க. அந்தத் தேற்றம் அப்படி என்னதான் சொல்லுது? கல்யாணமாகி இத்தனை வருசத்துல எனக்கு ஒருநாள் சொன்னதில்லையே."

என் மனைவி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஆகவே எளிமையாகச் சொன்னேன்.

"திருநெல்வேலிக்கு ஒரு வரைபடம் போடணும்னு வச்சுக்கோ. ஒவ்வொரு தெருக்காரனும் அவன் தெருவை வரையுதான். ரெண்டு தெரு சேருற இடத்துல ரெண்டு படமும் ஒத்துப்போனா, எல்லாத்தையும் ஒட்டி ஊர்ப்படம் ஆக்கிரலாம். இப்படி ஒட்டக்கூடிய சரக்குக்குக் கற்றைன்னு பேரு. அடுக்கு அதைவிடச் சிக்கல். அங்க ரெண்டு படமும் அச்சா ஒத்துப்போகாது. இதை இப்படி வளைச்சா அது ஆகும்னு ரெண்டு பேருக்குள்ள ஓர் உடன்பாடு இருக்கும். மூணு பேர் சேருற இடத்துல அந்த உடன்பாடுகளுக்குள்ள ஓர் உடன்பாடு. நாலு பேர்னா அதுக்கு மேல ஒண்ணு. இப்படியே முடிவில்லாமப் போகும்."

"எங்க அண்ணன்மாரு பாகப்பிரிவினை மாதிரி" என்றாள். "ரெண்டு ரெண்டு பேரா பேசுறப்ப எல்லாம் சுமுகமாத்தான் இருந்துச்சு. மூணு பேரையும் ஒண்ணா உக்கார வச்சதும் அரிவாளைத் தூக்கிட்டானுவ."

அவள் அண்ணன்மார் அடுக்கு அல்ல என்று தெளிவுபடுத்தினேன். "என் தேற்றம் என்ன சொல்லுதுன்னா, படிப்படியாச் சரிபார்த்து, எந்தப் படியிலயும் குறை இல்லைன்னா மொத்தத்துலயும் குறை இருக்காது."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"நிரூபிச்சிருக்கேன்."

"அப்ப சரி" என்று மாவு கரைக்கப் போய்விட்டாள். ஒரு கணிதவாதிக்கு இப்படிப்பட்ட மனைவி அமைவது பாக்கியம்.

ஜூன் 19

ஜெபக்கனி வந்தாள். என் முனைவர் பட்ட மாணவி. சாயர்புரத்துப் பெண். அப்பாவுக்கு உரக்கடை. ஆறாவது வருடமாக என்னிடம் இருக்கிறாள். ஆய்வுச் சுருக்கத்தில் நான் ஒப்பமிட்டால்தான் அவள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியும். பிப்ரவரியிலிருந்து அது என் மேசையில் இருக்கிறது. நல்ல ஆய்வு பழுக்க வேண்டும்.

"சார், ஒரு சந்தேகம். உங்க கட்டுரையில கடைசிக்கு முந்தின பக்கம், 'இதிலிருந்து முடிவை எளிதில் காணலாம்'னு ஒரு வரி இருக்குல்லா?"

"ஆமா."

"எனக்குக் காண முடியல சார்."

"நல்லாப் பாரு."

"மூணு மாசமாப் பாக்குதேன் சார்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. சாயங்காலம் நானே பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஜூன் 20

எளிதில் காண முடியவில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஜூன் 24

வண்ணார்பேட்டையில் கண் பரிசோதனை. பவர் கொஞ்சமும் மாறவில்லை என்கிறார் அந்தப் பெண்மணி. அவருக்கு அனுபவம் போதாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிரேமை மாற்றிக்கொண்டேன்.

அந்த வரியை எழுதியபோது எனக்கு முப்பத்தொரு வயது. அப்போது நிச்சயமாக எளிதில் காண முடிந்திருக்கும். கட்டுரையைச் சரிபார்த்த நிபுணரும் அந்த இடத்தில் எதுவும் கேட்கவில்லை. வேறு எந்த இடத்திலும்கூட அவர் எதுவும் கேட்கவில்லை. கட்டுரை அவரிடம் போய்த் திரும்பி வந்ததற்கு உறை மட்டுமே சாட்சி. அதன்பின் உலகம் முழுவதும் பலர் அதைப் படித்திருப்பார்கள். இதுவரை மேற்கோள் காட்டியவர்கள் நானும், ஒரே ஒரு பல்கேரியரும். அவர் பக்க எண்ணைத் தவறாகக் கொடுத்திருந்தார்.

ஜூலை 4

கருத்தரங்கு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'ஹோமோடோபி' என்பதை அச்சகத்தார் 'ஹோமியோபதி' என்று திருத்தியிருக்கிறார்கள். போன் செய்தால், "நாங்களே கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டோம் சார், கவலைப்படாதீங்க" என்கிறான்.

தாளாளர் பரமானந்தத்திடம் சொன்னேன். அரிசி ஆலை அதிபர். படிப்பாளிகள்மேல் மரியாதை உள்ளவர். "அதுக்கென்ன புரொபசர்? ஒரு ஹோமியோபதி டாக்டரையே சிறப்பு விருந்தினரா கூப்பிட்டுருவோம். நம்ம குருபாதம் இருக்காரு, என் சைனஸைக் குணப்படுத்துனவரு" என்றார். மறுக்க முடியவில்லை. கருத்தரங்கின் மதியச் சாப்பாடு அவர் செலவு.

ஜூலை 11

ஜெபக்கனி காலையிலேயே என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கரும்பலகை முழுக்க எழுதினாள். அவள் தன்போக்கில் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். முடித்ததும் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஏதோ சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவள்போல நின்றாள்.

"சார், மன்னிச்சிருங்க. தேற்றம் தப்பு."

"எந்தத் தேற்றம்?"

"உங்களது சார்."

அவள் ஓர் அடுக்கைக் கட்டிக்காட்டினாள். எந்தப் படியில் எடுத்துப் பார்த்தாலும் அது வெறுமைதான், அதாவது குறை என்று எதுவும் இல்லை. முதல் படியில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஒன்றுமில்லை, எதிலுமே ஒன்றுமில்லை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அது வெறுமை அல்ல என்கிறாள். குறையை ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே போகிறதாம். படிகளுக்கு முடிவில்லாததால் அது எங்கேயும் பிடிபடுவதில்லையாம்.

"எளிதில் காணலாம்னு இருக்கே, அந்த இடந்தான் சார். படிகள் ஏதாவது ஒரு இடத்துல முடியும்னா நீங்க சொல்லுறது சரி. முடியாட்டி சரியில்ல."

இதை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். நல்லது, கருத்தரங்கு முடியும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், அவசரப்பட்டால் உன் பெயர்தான் கெடும் என்று அவள் நன்மைக்காகச் சொன்னேன்.

"என் சுருக்கத்துல எப்ப சார் ஒப்பம் போடுவீங்க?"

"பாப்போம்."

அவள் போனபின் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பலகை மிக மோசமான நிலையில் இருக்கிறது. நிர்வாகத்திடம் புகார் செய்ய ஆதாரம் வேண்டும். எழுத்துக்கள் தெளிவாக விழவில்லை என்பதால் கிட்டப்போய் மேலும் சில படங்கள் எடுத்தேன்.

ஜூலை 13

ஜெபக்கனி வீட்டுக்கு வந்திருக்கிறாள், நான் இல்லாத நேரத்தில். கோமதி அவளுக்கு இடியாப்பமும் சொதியும் கொடுத்திருக்கிறாள். நான் வந்தபோது அந்தச் சொதி தீர்ந்திருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு நெதர்லாந்துல வேலை கிடைச்சிருக்காமே. இந்த மாசமோ அடுத்த மாசமோ சுருக்கம் போனாத்தான் பிப்ரவரியில சேர முடியுமாம். நீங்க ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கீங்க?"

"ஆய்வு பழுக்கணும்."

"அவளுக்கு இருபத்தொம்பது வயசு. எவ்வளவு பழுக்கணும்?"

தமிழாசிரியைகளுக்கு உவமை என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஜூலை 22

மகத்தான நாள். காலையில் ஆற்றங்கரை நடையின்போது எனக்கே ஒன்று தோன்றியது. எந்தப் படியிலும் வெறுமையாக இருந்து மொத்தத்தில் வெறுமையல்லாத ஓர் அடுக்கு இருக்க முடியுமா? இருந்தால் என் தேற்றம் தவறாகிவிடும் அல்லவா? இந்தக் கேள்வி பல ஆண்டுகளாகவே என் உள்மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போனில் சில படங்களைப் பார்த்தேன் (பலகைப் புகார் தொடர்பாக). என் சிந்தனைக்கு அவை ஓரளவு துணைசெய்தன.

கருத்தரங்கில் என் தேற்றத்தை நானே உடைக்கப்போகிறேன். ஊர்கூடிப் பாராட்டும் மேடையில், பாராட்டப்படும் தேற்றத்தையே தவறென்று அறிவிப்பது! இப்படி ஒருவன் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. உரையை எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் வரி: "உண்மைக்கு முன்னால் நான் யார்?"

ஜூலை 30

உரை நன்றாக வந்திருக்கிறது. நேர்மையைப் பற்றி ஆறு பக்கம். தேற்றத்தை உடைக்கும் எதிர்க்காட்டு ஒன்றரைப் பக்கம்.

ஜெபக்கனி இரண்டு முறை அறைக்கு வெளியே நின்றாள். வேலை மும்முரம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வரலாற்றுக்காக விரிவாக எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாமாண்டு வணிகவியல் மாணவர்களுக்கு வருகைப்பதிவு தருவதாகச் சொல்லி உட்காரவைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்ததால் சர்வதேசமும் ஆயிற்று. மும்பையிலிருந்து பேராசிரியை மைத்ரேயி பர்வே வந்திருந்தார். இந்தத் துறையில் பெரிய ஆள். நான் அழைத்தபோது வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வருகிறேன் என்றபின் வேண்டாமென்று எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

முதலில் டாக்டர் குருபாதம் பேசினார். ஹோமியோபதி மருந்தை நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்றார். "எந்தத் துளியை எடுத்துச் சோதிச்சாலும் அதுல மருந்து இருக்காது. ஆனா மொத்தத்துல மருந்து இருக்கு!" முன்வரிசையில் ஜெபக்கனி இதை ஆங்கிலத்தில் பர்வே அம்மையாரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விருந்தினரை அப்படி அவமதிப்பது நாகரிகம் அல்ல.

பிறகு எனக்குப் பொன்னாடை. பிறகு என் உரை.

"உண்மைக்கு முன்னால் நான் யார்?" என்று தொடங்கினேன். தேற்றம் தவறு என்று அறிவித்ததும் வணிகவியல் மாணவர்கள்கூட நிமிர்ந்தார்கள். எதிர்க்காட்டைத் திரையில் காட்டினேன். நேர்மையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே குரல் உடைந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெபக்கனி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கால்வலியாக இருக்கலாம்.

கேள்வி நேரத்தில் பர்வே எழுந்தார். மிக மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார்: "அழகான எதிர்க்காட்டு, பேராசிரியரே. எல்லாப் படிகளிலும் இது வெறுமை என்பது புரிகிறது. ஆனால் மொத்தத்தில் வெறுமையல்ல என்று எப்படித் தெரியும்? அதுதானே உயிர்நிலை?"

அந்தப் பகுதி பலகையின் கீழ் மூலையில் இருந்தது. வெளிச்சம் பட்டு, படத்தில் சரியாக விழவில்லை. அதாவது, அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இளைய தலைமுறைக்கு வாய்ப்புக் கொடுப்பதே ஆசிரியனின் கடமை என்பதால், "இதை என் மாணவி ஜெபக்கனி விளக்குவாள்" என்றேன்.

அவள் எழுந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"சார் கண்டுபிடிச்சதை நான் சொன்னா மரியாதையா இருக்காது சார். நீங்களே சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய அடக்கத்தைக் கண்டு அவையே உறைந்துபோனது. ஏசி ஓடும் சத்தம் கேட்டது. நான் தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு தம்ளர் குடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர் தன் அடையாள அட்டையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே தேநீர் இடைவேளை அறிவித்தேன். அப்போது போண்டா இன்னும் எண்ணெய்க்குள்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பின் பக்கத்து வகுப்பறையில் பர்வே அம்மையாரும் ஜெபக்கனியும் பலகை முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய், எல்லோரும் அங்கேயே சேர்ந்துவிட்டார்கள். என் உரை அவ்வளவு தூரம் தூண்டியிருக்கிறது. எனக்கான வாழ்த்தரங்கம் திட்டமிட்டபடி பெரிய மண்டபத்தில் நடந்தது. தாளாளரும் டாக்டர் குருபாதமும் சிறப்பாக வாழ்த்தினார்கள். கேட்டவர்கள்: நானும் ஒலிபெருக்கிக்காரரும்.

ஆகஸ்ட் 10

மாலைப் பத்திரிகை ஒன்றில் செய்தி: 'ஹோமியோபதி சிகிச்சை தவறு! பாளை பேராசிரியர் மேடையில் பகிரங்க ஒப்புதல்.' டாக்டர் குருபாதம் போன் செய்து வழக்குப் போடுவேன் என்றார். தாளாளர் போன் செய்து, "ஏன் புரொபசர், தப்பான தேற்றத்துக்கா நான் அத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டேன்?" என்றார்.

நேர்மைக்கு இந்த நாட்டில் விலை அதிகம்.

ஆகஸ்ட் 12

காலையில் தோசை சுட்டுக்கொண்டே கோமதி கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அந்தப் பிள்ளை கண்டுபிடிச்சதுதானே?"

கணிதத்தில் 'இவருடையது, அவருடையது' என்பதெல்லாம் மேலோட்டமான பேச்சு, உண்மை எல்லோருக்கும் பொது, என்று விளக்கினேன்.

"அப்ப உங்க தேற்றத்துக்கு ஏன் உங்க பேரை வச்சீங்க?"

தோசை தீய்ந்துவிட்டது. அதைத்தான் என் தட்டில் வைத்தாள்.

ஆகஸ்ட் 14

கோமதி தென்காசியில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறதாம். மழையில் நனைவது அவளுக்கு ஆகாது. ஆனாலும் மாறுதல் வேண்டும்தானே. பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறாள். எப்போது வருவாள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

மிக்ஸியில் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். கூரையில் தேங்காய்ச் சட்னி.

ஆகஸ்ட் 19

ஜெபக்கனியைக் கூப்பிட்டு, பெருந்தன்மையாக ஒரு யோசனை சொன்னேன். எதிர்க்காட்டைக் கட்டுரையாக எழுதுவோம். என் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது. அன்றைக்கே சுருக்கத்திலும் ஒப்பம் போட்டுவிடுகிறேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

"பேரு போட்டுக்கிடுங்க சார். எனக்கு நெதர்லாந்து போகணும், எங்க அப்பா கடையை வித்து டிக்கெட் எடுக்கக்கூடத் தயாரா இருக்காரு. ஆனா பேரு முதல்ல இருந்தா கேள்வியும் முதல்ல உங்ககிட்டதான் வரும். பர்வே மேடம் கேட்டதுக்கு உங்களுக்குப் பதில் தெரியுமா சார்?"

"தெரியாம என்ன?"

"சொல்லுங்க சார். ஒருதடவ கேட்டுக்கிடுதேன்."

எனக்கு அவசரமாக ஒரு துறைக் கூட்டம் இருந்தது. போகும் வழியில் அந்தக் கூட்டத்தை நானேதான் கூட்டவேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 21

விடுப்பு. வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். விளங்கவில்லை.

ஆகஸ்ட் 22

விளங்கவில்லை. கீழ்மூலைப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் சாக்பீஸ் தூசிதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 24

கடைசியாக இப்படித் தரையில் தாளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன். துறைத் தலைவர் ஆன பிறகு இல்லை. விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், தேர்வுக்குழு, பாடத்திட்டக்குழு, ஒழுங்கு நடவடிக்கைக்குழு எல்லாவற்றிலும் இருந்திருக்கிறேன். தெரியாத ஒன்றின் முன்னால் உட்காரவில்லை.

முதல் படிகளை நானே கட்டிப்பார்த்தேன். மூன்றாவது படிவரை பிடி கிடைத்தது. அதற்குமேல் கை நழுவுகிறது.

பிளம்பர் வந்தான். என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க் குழாயைச் சரிசெய்தான்.

ஆகஸ்ட் 27

ஜெபக்கனிக்குப் போன் செய்தேன். முதுகலை மாணவன் ஒருவன் ஒரு சந்தேகம் கேட்டான், அவனுக்காகத்தான் என்றேன்.

"என்ன சந்தேகம் சார் அவனுக்கு?"

"எந்தப் படியிலயும் ஒண்ணும் இல்லைங்குறப்ப மொத்தத்துல மட்டும் எப்படி இருக்கும்னு கேக்கான். ஒவ்வொரு படியாப் போய்த் தேடியிருக்கான். பாவம், ஏழெட்டு நாளாத் தேடுதான்."

போனில் அவளுக்குப் பின்னால் அவள் அம்மா யாரிடமோ யூரியா மூட்டை பற்றிச் சொல்வது கேட்டது.

"அவனைப் படிப்படியாத் தேட வேண்டாம்னு சொல்லுங்க சார். எத்தனை படி போனாலும் கிடைக்காது. அது இருக்கிறது எந்தப் படியிலயும் இல்ல. வெளிய வந்து, பரப்பு முழுக்க ஒரேயடியா ஒரு வெட்டுமுகம், முழுப் படம் மாதிரி, எடுக்கச் சொல்லுங்க. அது வெறுமையா இருந்தா ஒரே ஒரு வெட்டுமுகந்தான் வரணும். இங்க ரெண்டு வரும். ரெண்டையும் ஒண்ணா வளைக்க முடியுதான்னு பாக்கச் சொல்லுங்க."

"முடியாதா?"

"அவனே பாக்கட்டும் சார். அதுதான் நல்லாயிருக்கும்."

வைத்துவிட்டேன். தாளை எடுத்தேன். ஒரேயடியாக வெட்டுமுகம் எடுத்தேன். இரண்டு வந்தது. ஒன்றை இன்னொன்றாக வளைக்கப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டிலும் வளைகிறது, தடையே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் வளையவில்லை. எங்கே இடிக்கிறது என்று காட்ட முடியாது, ஆனால் வளையவில்லை. நான் சமையலறைக்குப் போய், காரணமில்லாமல் குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் வளையவில்லை. இத்தனை சின்னதாக, இத்தனை சுத்தமாக ஒன்றை நான் பார்த்ததில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த வரியை எழுதியபோது, நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. தேற்றம் சரியாக இருந்தால் வேலை கிடைக்கும் என்பதை மட்டும்

கோடுபோட்டு நிறுத்துகிறேன். கண்ணாடி பழகவில்லை, கண்ணில் நீர் வருகிறது.

ஆகஸ்ட் 28

சுருக்கத்தில் ஒப்பம் போட்டுவிட்டேன். மேசையைச் சுத்தம் செய்யும்போது கையில் கிடைத்தது, பேனாவும் பக்கத்திலேயே இருந்தது. எதிர்க்காட்டு அவளுடைய ஆய்வேட்டில் அவளுடையதாகவே இருக்கட்டும் என்றும் சொன்னேன். எனக்கு வேறு பல வேலைகள் இருக்கின்றன.

"அந்த மாணவனுக்கு வெளங்கிச்சா சார்?" என்று கேட்டாள்.

"வெளங்கிச்சு. கெட்டிக்காரன்" என்றேன்.

ஆகஸ்ட் 31

கோமதி வந்துவிட்டாள். சாரல் முடிந்துவிட்டதாம். கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மத்தியானம் சொதி.

அக்டோபர் 5

ஆசிரியர் தின விழாவைத் தாமதமாகக் கொண்டாடினார்கள். தாளாளர் எனக்கு 'நேர்மைச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார். சாப்பாட்டுச் செலவை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. கேடயத்தில் ஹோமோடோபி என்று சரியாகவே அச்சடித்திருந்தார்கள். என் பெயர் 'நல்லசிவம்' என்று இருந்தது. வேண்டாமென்று சொல்லத்தான் மேடை ஏறினேன். போட்டோக்காரர் அவசரப்படுத்தியதால் வாங்கிக்கொள்ள நேர்ந்தது.

ஜனவரி 17

ஜெபக்கனியின் வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளர் பர்வே அம்மையார். சாயர்புரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். அவள் அப்பா உரக் கம்பெனி காலண்டர் ஒன்றை எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். கோமதியும் வந்திருந்தாள்.

ஜெபக்கனி பேசினாள். எல்லாம் முடிந்தபின், பர்வே சிரித்துக்கொண்டே கேட்டார்: "பதிவுக்காகக் கேட்கிறேன். நல்லசிவன் தேற்றம் தவறு என்று முதலில் சொன்னவர் யார்?"

நான் காலண்டரைப் பிரித்து, மாசியில் எத்தனை முகூர்த்த நாள் என்று பார்த்தேன்.

ஜெபக்கனி என் பக்கம் திரும்பி, ஊர்க்காரர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் தமிழிலேயே சொன்னாள்.

"தேற்றம் தப்புன்னு முதல்ல மேடையில சொன்னது சார்தான், மேடம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஒரு குரு கிடைக்கிறது பெரிய விஷயம் சார்" என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டிருந்தால் அவர் மனம் நோகும்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் கோமதி சொன்னாள், ஜெபக்கனி 'மேடையில' என்ற சொல்லை அழுத்தினாளாம். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அந்த அறையில் எதிரொலி அதிகம்.

ஏப்ரல் 23

நெதர்லாந்திலிருந்து மின்னஞ்சல். ஜெபக்கனியின் கட்டுரை வெளிவந்துவிட்டது, நல்ல இதழ். என்னுடையதெல்லாம் அதன் கதவைக்கூடத் தட்டியதில்லை. 'சார், உங்களுக்கு முதல் பிரதி. குளிர்தான் தாங்க முடியல' என்று எழுதியிருக்கிறாள். ஒரு மாதத்துக்குள் மூன்று நாட்டுக்காரர்கள் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். பல்கேரியரும் ஒருவர். இம்முறை பக்க எண் சரி.

தலைப்பு: 'நல்லசிவன் ஒட்டுத் தேற்றத்துக்கு ஓர் எதிர்க்காட்டு.'

பலமுறை படித்துப் பார்த்தேன். இனி உலகில் யார் அந்த எதிர்க்காட்டைப் பேசினாலும் என் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. பாடப்புத்தகங்களில் வரும். என் பெயர் தலைப்பிலேயே, கொட்டை எழுத்தில். அவள் பெயர் அதன் கீழே, சின்ன எழுத்தில். குருவுக்குச் சிஷ்யை செய்யும் மரியாதை என்றால் இதுதான்.

கோமதியிடம் காட்டினேன். தலைப்பை வாய்விட்டு ஒருமுறை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு வெகுநேரம் சிரித்தாள்.

சந்தோஷத்தில்தான்.